திசு வளர்ப்பில் மருந்துச் சத்தைக் கூட்டுவது எப்படி: நீர்ப்பிரமியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் நீர்ப்பிரமியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லணைக்குக் கிழக்கே வாய்க்கால் கரைகளிலும், வரப்பின் ஈரத்திலும், தண்ணீர் தேங்கும் வயல் மூலைகளிலும் அது தானாகவே படர்ந்து கிடக்கிறது. அவ்வளவு எளிதில் கிடைக்கும் செடியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அதிலுள்ள பேக்கோசைடு என்னும் சப்போனின் தொகுதியின் அளவு இடத்துக்கு இடமும் பருவத்துக்குப் பருவமும் மாறுகிறது என்பது ஒன்று. தான் நிற்கும் நீரிலிருந்து காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்பு அச்செடிக்கு உண்டு என்பது மற்றொன்று. ஊர்க் கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் பறித்த நீர்ப்பிரமியை நினைவாற்றலுக்கான மருந்து என்று யாருக்கும் கொடுக்க முடியாது. செடியின் சிறு துண்டை, ஊடகம் என்னும் நுண்ணுயிர் நீக்கிய ஊட்டக் கலவையில் வளர்க்கும் திசு வளர்ப்பு இவ்விரு சிக்கல்களையும் தீர்க்கிறது. ஆனால் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறது. குடுவையில் செழித்து வளரும் திசு, பல வேளைகளில், மருந்துச் சத்தைக் குறைவாகவே உண்டாக்கும். அந்தக் குறையைச் சரிசெய்யும் வழிகளை இங்கே செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். ஆய்வேட்டுக்காக இவ்வேலையில் இறங்கும் மாணவர்கள் பலர், செடியை மருந்துச் சத்து உண்டாக்கத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட் புட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியாகத் திறக்க வேண்டிய புட்டி. முதலில் நல்ல குளோன் (ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கிய வழி), அடுத்து சரியான உறுப்பு, அதன் பிறகு சீரான வளர்ச்சி, பின்னர் ஊடக மாற்றம், எல்லாம் நிலைபெற்ற பிறகே தூண்டிகள் என்று போனால்தான் கிடைத்த உயர்வு எதனால் வந்தது என்று சொல்ல முடியும்.

தாவரம் இச்சேர்மங்களை எதற்காக உண்டாக்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பூச்சி, பூஞ்சை, வெயில், வறட்சி ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே ஆல்கலாய்டுகளும் சப்போனின்களும் பீனால்களும் உருவாகின்றன. செல் பெருகுவதற்கும் பாதுகாப்புச் சேர்மம் கட்டுவதற்கும் அதே சர்க்கரையும் அதே ஆற்றலும்தான் செலவாகின்றன. சர்க்கரையும் நைட்ரஜனும் ஹார்மோனும் தாராளமாகக் கிடைக்கும் குடுவையில், எதிரி எவரும் இல்லாத நிலையில், திசு பெருகுவதையே தேர்ந்துகொள்கிறது. நாம் செய்யும் வேலை முழுவதும் முதலில் அதைப் பெருகவிட்டு, பிறகு உரிய நேரத்தில் அதன் கவனத்தைப் பாதுகாப்பின் பக்கம் திருப்புவதேயாகும்.

குளோனும் உறுப்பும்

ஒரே ஊடகம், ஒரே வெளிச்சம், ஒரே நாள் கணக்கு என்றிருந்தும் இரண்டு குளோன்களின் பேக்கோசைடு அளவு வேறுபடும். அது மரபு வேறுபாடு. எந்தத் தூண்டியாலும் அதை முழுமையாக ஈடுகட்ட முடியாது. ஆகவே திருவையாற்றுப் பக்கத்து நன்னீர் வாய்க்கால், மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் வயல், முத்துப்பேட்டையை ஒட்டிய உவர்நிலம் எனச் சூழல் வேறுபடும் பல இடங்களிலிருந்து செடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி எண் கொடுத்துத் தொட்டியில் வளர்த்து, அவற்றின் தண்டு நுனிகளில் உள்ள சத்தை அளந்து, மேலே நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் குடுவைக்குக் கொண்டுபோவது நல்லது. இந்த ஒரு படியில் செலவிடும் உழைப்புக்குக் கிடைக்கும் பலன் பிந்தைய படிகளில் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலோர் இதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதில் புதுமை ஏதும் இல்லாததுபோலத் தோன்றுவதே என்று நினைக்கிறேன்.

செடியின் அடையாளத்தை உறுதிசெய்துகொள்வதும் இக்கட்டத்திலேயே நடக்க வேண்டும். பிரம்மி என்ற பெயரில் வல்லாரையும் விற்கப்படுகிறது. அதன் சத்தாகிய ஆசியாட்டிகோசைடு முற்றிலும் வேறு. பூவோடு கூடிய மாதிரியை உலர்த்தி, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகம் போன்ற இடத்தில் சரிபார்த்து, மாதிரி எண் ஒன்றைப் பெற்றுக்கொள்வது பின்னால் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

அடுத்தது உறுப்பு. எந்தச் சேர்மம் செடியின் எந்தப் பகுதியில் உருவாகிறதோ அந்தப் பகுதியையே வளர்க்க வேண்டும். நித்தியகல்யாணி இதற்கு நல்ல சான்று. அதன் புற்றுநோய் மருந்தாகிய வின்பிளாஸ்டின் என்பது வின்டோலின், கேத்தரந்தின் என்னும் இரு ஆல்கலாய்டுகள் இணைந்து உருவாவது. கேத்தரந்தினையும் அஜ்மலிசின் என்னும் மற்றோர் ஆல்கலாய்டையும் மிதவைச் செல் வளர்ப்பிலோ ரோம வேர் வளர்ப்பிலோ பெறலாம். ஆனால் வின்டோலின் உருவாக, இலையில் மட்டுமே அமையும் தனிவகைச் செல்களும் பசுங்கணிகங்களும் வேண்டும். வடிவமற்ற செல் திரளாகிய காலஸில் அப்பாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது. காலஸை எவ்வளவு தூண்டினாலும் இல்லாத பாதை திறக்காது. நீர்ப்பிரமியில் பேக்கோசைடு மிகுதியாக இருப்பது தண்டிலும் இலையிலும் ஆதலால், காலஸை விட்டுவிட்டு நேராகத் தண்டு வளர்ப்புக்குப் போவதே சரி. வேரில் சத்துச் சேரும் செடிகளுக்கு அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் பாக்டீரியத்தால் உண்டாக்கும் ரோம வேர்கள் பொருந்தும். அவை ஹார்மோன் இல்லாத ஊடகத்திலேயே வேகமாக வளர்வதோடு, நீண்டகாலம் மரபுநிலை மாறாமலும் இருக்கக்கூடியவை.

தூய்மையான தொடக்கம்

வயலில் பறித்த நீர்ப்பிரமியை நேராகக் குடுவையில் வைத்தால் பாசியும் பாக்டீரியாவும் உடன் வந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. அணை மூடிய பிறகு, வாய்க்காலில் நீர் வடிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செடிகளை எடுப்பது உகந்தது. எடுத்தவற்றை வேகவைத்து ஆறிய மணலில் நட்டு, நிழல்கூடத்தில், இலை நனையாமல் அடியில் மட்டும் நீர் ஊற்றிச் சில வாரங்கள் வளர்த்து, புதிதாக நிமிர்ந்து வளரும் தண்டுகளிலிருந்து மட்டுமே கணுத்துண்டுகளை வெட்ட வேண்டும்.

ஓடும் நீரில் அரைமணி நேரம் அலசி, சோப்புப் போன்ற ட்வீன்-20 சில துளிகள் கலந்த நீரில் குலுக்கி, 70 விழுக்காட்டு எத்தனாலில் 30 விநாடி நனைத்து, பிறகு 1 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 5 முதல் 8 நிமிடம் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் நான்கைந்து முறை கழுவினால் போதும். நம் ஆய்வகங்களில் மெர்க்குரிக் குளோரைடு இன்னும் பரவலாகப் புழங்குகிறது. கன உலோகத்தைத் தவிர்ப்பதற்காகவே குடுவைக்கு வந்திருக்கும் ஒரு செடியைப் பாதரசத்தில் முக்குவது முரண். இந்த மென்மையான தண்டுக்கு அது தேவையுமில்லை.

ஊடகம், 1962இல் முரசிகேயும் ஸ்கூகும் வெளியிட்ட எம்.எஸ். ஊடகமேதான். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகர், தண்டு கிளைக்கச் செய்யும் ஹார்மோனாகிய பி.ஏ.பி. 1 மி.கி., பி.ஹெச். 5.8 என்று வைத்து, ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலனில் 121° செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சமும் 25° செல்சியஸ் வெப்பநிலையும் கொடுத்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் தண்டுகள் வரும். கடலோர டெல்டாவில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பதால் காய்ச்சி வடித்த நீரின் மின்கடத்துத்திறனை அவ்வப்போது சோதிக்க வேண்டும். வடிகலனில் உப்புப் படிந்துவிட்டால் ஊடகத்தின் உப்புக் கணக்கே மாறிவிடும்.

வளர்ச்சிக் கோடு

போதிய தண்டுகள் சேர்ந்தபின் அகர் இல்லாத அதே ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். 250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. ஊடகமும் 2 கிராம் ஈரத் திசுவும் இட்டு, ஷேக்கர் என்னும் குலுக்கும் கருவியில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சுற்றில் வைக்கலாம். திரவத்தில் மூழ்கிய தண்டுகள் சில வேளைகளில் கண்ணாடிபோல ஊதி, எளிதில் ஒடியும் தன்மை அடையும். அப்படி ஆனால் பி.ஏ.பி.யைப் பாதியாகக் குறைத்து, ஊடகத்தின் அளவையும் சற்றுக் குறைக்க வேண்டும்.

இப்போது எதையும் சேர்க்காமல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று குடுவைகளை எடுத்து ஈர எடை, உலர் எடை, பேக்கோசைடு அளவு, ஊடகத்தில் மீந்திருக்கும் சர்க்கரை ஆகிய நான்கையும் அளந்து ஒரு கோடு வரைய வேண்டும். வளர்ச்சி எந்நாளில் வேகமெடுக்கிறது, எந்நாளில் தளர்கிறது, சர்க்கரை எப்போது தீர்கிறது என்பதை இக்கோடு காட்டும். பின்னால் செய்யப்போகும் ஒவ்வொரு தலையீட்டின் நேரமும் இதைப் பார்த்தே முடிவாகும். இந்தக் கோடு இல்லாமல், வேறொரு செடியில் வேறொருவர் பத்தாம் நாளில் சேர்த்தார் என்பதற்காக நாமும் பத்தாம் நாளில் சேர்ப்பதில் பொருளில்லை.

அளக்கும் முறை பற்றிச் சில சொற்கள். திசுவை 40° செல்சியஸ் அளவில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் பிரித்தெடுத்து, வடிகட்டி, சேர்மங்களைப் பிரித்து அளக்கும், சி-18 தூண் கொண்ட ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்த வேண்டும். பேக்கோசைடு ஏ என்பது ஒரு தனிச் சேர்மமன்று. பேக்கோசைடு ஏ3, பேக்கோபாசைடு 2, பேக்கோபாசப்போனின் சி, அதன் ஜூஜுபோஜெனின் ஐசோமர் என்னும் நான்கின் கலவை. எனவே கருவி வரையும் கோட்டில் இந்நான்கின் முகடுகளையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இவை ஒளியை வலுவாக உறிஞ்சாதவை ஆதலால் 205 நானோமீட்டரில்தான் அளக்க முடியும். அந்த அலைநீளத்தில் கரைப்பானின் மாசுகூட முகடாகத் தெரியும். மலிவான மெத்தனாலில் மிச்சப்படுத்தும் பணம் இங்கே நட்டமாகிவிடும்.

இரண்டு கட்டம்

வளர்ப்பதற்கு ஓர் ஊடகம், சத்தை உண்டாக்குவதற்கு வேறோர் ஊடகம் என்று பிரித்ததன் முதல் பெரிய வெற்றி ஜப்பானில் நிகழ்ந்தது. லித்தோஸ்பெர்மம் வேரில் பல ஆண்டுகளில் சேரும் ஷிக்கோனின் என்னும் செந்நிறச் சாயத்தை மிட்சுயி நிறுவனம் 1983இல் செல் வளர்ப்பின் வழியே வணிக அளவில் உற்பத்தி செய்தது; அது உதட்டுச் சாயத்திலும் பயன்பட்டது. செல்கள் முதலில் வளர்ச்சி ஊடகத்தில் பெருக்கப்பட்டன. பிறகு, அமோனியம் இல்லாத, நைட்ரேட்டு மட்டும் உள்ள ஊடகத்துக்கு மாற்றப்பட்டன. அமோனியமும் வெளிச்சமும் 2,4-டி ஹார்மோனும் ஷிக்கோனினைத் தடுப்பவை என்று முன்பே கண்டறிந்திருந்ததே அந்த வெற்றிக்கு அடிப்படை.

நீர்ப்பிரமிக்கும் இதே எண்ணத்தைப் பயன்படுத்தலாம். எம்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 1650 மி.கி. அமோனியம் நைட்ரேட்டும் 1900 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட்டும் உள்ளன. மொத்த நைட்ரஜன் சுமார் 60 மில்லிமோலார், அதில் மூன்றில் ஒரு பங்கு அமோனியம். இந்த அமோனியத்தைப் பாதியாகவும் கால்பங்காகவும் குறைத்துப் பார்ப்பது முதல் சோதனை. லிட்டருக்கு 170 மி.கி. உள்ள பொட்டாசியம் பாஸ்பேட்டைக் குறைப்பது இரண்டாவது. சர்க்கரையை 30 கிராமிலிருந்து 40, 50 என்று கூட்டுவது மூன்றாவது. சர்க்கரை கூடும்போது கரியுணவு மட்டுமன்றிச் சவ்வூடு அழுத்தமும் கூடுகிறது. சத்து உயர்ந்தால் இரண்டில் எது காரணம் என்றறிய அதே அழுத்தம் தரும், ஆனால் பெரும்பாலும் உணவாகப் பயன்படாத மானிட்டால் சேர்த்த குடுவை ஒன்றும் வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது தொடக்கத்தில் போதும். எவை முக்கியம் என்று தெரிந்தபின் அவற்றைச் சேர்த்துச் சோதிக்கலாம்.

முன்னோடிச் சேர்மங்களை ஊட்டுவதும் ஒரு வழியே. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகளுக்கு டிரிப்டோபேன், ரோஸ்மாரினிக் அமிலம் போன்ற பீனால்களுக்கு பினைல்அலனின் என்று பாதையின் தொடக்கப் பொருளைக் கொடுப்பது வழக்கம். விலை மலிவாகவும் பாதையில் அப்பொருளே தட்டுப்பாடாகவும் இருந்தால் மட்டுமே இது பயன்தரும். அளவு மிகுந்தால் திசு கருகும்.

தூண்டிகள்

இனி அந்தப் புட்டியைத் திறக்கலாம். ஜாஸ்மோனேட்டுகள், பூச்சி கடித்த இலை தன் பிற பகுதிகளுக்கு அனுப்பும் எச்சரிக்கைக் குறிகளின் குடும்பம். யூ மரச் செல் வளர்ப்பில் 100 மைக்ரோமோலார் மெத்தில் ஜாஸ்மோனேட், பேக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்தைப் பெருமளவு உயர்த்தியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் காட்டியபின் இது எல்லா ஆய்வகங்களுக்கும் பரவியது. நீர்ப்பிரமித் தண்டுகளுக்கு 25, 50, 100 மைக்ரோமோலார் என்று மூன்று அளவுகளில் தொடங்கலாம்.

மெத்தில் ஜாஸ்மோனேட்டின் மூலக்கூறு எடை 224.3, அடர்த்தி மி.லி.க்கு சுமார் 1.03 கிராம். அதில் 22 மைக்ரோலிட்டரை எடுத்து எத்தனாலில் 1 மி.லி. ஆக்கினால் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். எத்தனாலைத் தாங்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் அதை வடித்து, 50 மி.லி. ஊடகத்துக்கு 25 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 50 மைக்ரோமோலார். ஒப்பீட்டுக் குடுவைக்கு அதே 25 மைக்ரோலிட்டர் எத்தனாலை மட்டும் சேர்க்க வேண்டும். எதையுமே சேர்க்காத குடுவை வேறு, அதுவும் வேண்டும். இது ஆவியாகும் பொருள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பஞ்சு அடைப்பின் வழியே வெளியேறி அதே ஷேக்கரில் உள்ள ஒப்பீட்டுக் குடுவைகளையும் தூண்டிவிடும். பிறகு தூண்டியதற்கும் தூண்டாததற்கும் வேறுபாடே இல்லை என்ற முடிவு வரும். இயன்றால் தனி ஷேக்கர், இல்லாவிட்டால் தனி அறை.

சாலிசிலிக் அமிலம் மலிவு. 100 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 13.8 மி.கி. மட்டுமே. கைட்டோசான், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது. பூஞ்சையின் செல்சுவரை நினைவூட்டுவதால் செடி அதை எதிரியாகக் கருதுகிறது. நாகப்பட்டினத்தில் இறால் ஓடு குவிந்து கிடக்கிறதே, நாமே தயாரித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தயாரிக்கலாம், ஆனால் அசெட்டைல் நீக்க அளவும் மூலக்கூறு நீளமும் ஒவ்வொரு முறையும் மாறும், அவற்றோடு தூண்டும் திறனும் மாறும். ஆய்வுக்கு, அளவு குறித்த கைட்டோசானை விலைக்கு வாங்குவதே நல்லது. 1 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பி.ஹெச்.ஐ 5.5 அளவுக்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 50 முதல் 150 மி.கி. வரை பயன்படுத்தலாம். பி.ஹெச். 6.5ஐ நெருங்கினால் அது கரைசலிலிருந்து பிரிந்துவிடும்.

தாமிரம், காட்மியம் போன்ற உலோக உப்புகளும் தூண்டிகளாகப் பயன்படுவதுண்டு. உலோகத்தைச் சேர்த்துவைக்கும் நீர்ப்பிரமியில் இவற்றைப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. சத்து உயரலாம், உடன் உலோகமும் உயரும்.

தூண்டியைச் சேர்க்க வேண்டிய நேரம், வளர்ச்சிக் கோட்டில் வேகம் குறையத் தொடங்கும் இடம். 30 நாள் சுழற்சியில் அது பெரும்பாலும் 20ஆம் நாளை ஒட்டி வரும். முன்னதாகச் சேர்த்தால் வளர்ச்சி நின்றுவிடும்; மிகப் பிந்திச் சேர்த்தால் கட்டுவதற்குச் சர்க்கரை இருக்காது. சேர்த்த பின் 3, 6, 9 ஆம் நாள்களில் அறுவடை செய்து எந்நாளில் சத்து உச்சம் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முடிவைக் கணக்கிடும்போது ஒரு பொறி உண்டு. எடுத்துக்காட்டாக, தூண்டாத குடுவையில் லிட்டருக்கு 10 கிராம் உலர் திசுவும் அதில் கிராமுக்கு 8 மி.கி. சத்தும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 மி.கி. தூண்டிய குடுவையில் கிராமுக்கு 14 மி.கி. கிடைத்தாலும் திசு 5 கிராமாகக் குறைந்திருந்தால் மொத்தம் 70 மி.கி.தான். ஆய்வேட்டில் முக்கால் மடங்கு உயர்வு என்று எழுதலாம். குடுவையில் இருப்பதோ முன்பைவிடக் குறைவு. லிட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற இரு எண்களையும் எப்போதும் கிராம் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது மூன்று குடுவைகள் வைத்து, முழுச் சோதனையையும் வேறு தொகுதி ஊடகத்தில் மீண்டும் செய்து பார்த்த பிறகே உயர்வை உயர்வு என்று நம்பலாம்.

மழைக்காலமும் பெரிய கலனும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் பூஞ்சைத் தொற்று மிகும். எறும்பும் சிலந்திப்பேனும் பஞ்சு அடைப்புக்குள் புகுந்து வித்துகளைக் குடுவைக்குக் குடுவை கொண்டுபோகும். மின்தடை அதைவிடப் பெரிய தொல்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நெடுநாள் மின்சாரம் இல்லை. ஷேக்கர் நின்றால் திரவத்தில் மூழ்கிய தண்டுகள் சில மணி நேரத்திலேயே காற்றின்றி நலிகின்றன. அகரில் நிற்பவை பல நாள் தாங்கும். எனவே திரவச் சோதனைகளை ஜனவரி முதல் செப்டம்பருக்குள் முடித்துக்கொண்டு, மழைக்காலத்தில் குளோன்களை அரை அளவு எம்.எஸ். உப்புடன் அகரில் மங்கிய வெளிச்சத்தில் வைப்பது பாதுகாப்பானது. மறுவளர்ப்பு பல சுற்றுகள் தொடரும்போது சத்தின் அளவு சிறிது சிறிதாக இறங்குவதும் உண்டு. இந்த இருப்பும், தொட்டியில் வளரும் தாய்ச்செடியும் அப்போது மீண்டும் தொடங்க உதவும்.

குடுவையில் நிலைத்த முடிவு வந்த பிறகே பெரிய கலனைப் பற்றி எண்ண வேண்டும். பேக்கோசைடு, நுரைக்கும் இயல்புடைய சப்போனின் ஆதலால், காற்றுக் குமிழி செலுத்தும் உயிர்க்கலனில் ஊடகத்துக்குள் கசியும் சிறிதளவே நுரையை எழுப்பப் போதுமானது; நுரை வடிகட்டியை நனைத்தால் தொற்று நுழையும். தண்டுகளை நாளில் சில முறை மட்டும் சில நிமிடங்கள் திரவத்தில் நனைத்து, மற்ற நேரத்தில் ஈரக்காற்றில் விடும் இடைவிட்டு மூழ்கும் கலன் இச்செடிக்குப் பொருத்தமானது. கண்ணாடித்தன்மையும் அதில் குறைகிறது. இரண்டு கண்ணாடி ஜாடிகள், சிறு காற்றுப் பம்பு, நேரங்காட்டி, 0.22 மைக்ரான் காற்று வடிகட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு கல்லூரி ஆய்வகத்திலேயே இதை அமைக்கலாம். வளர்ச்சி ஊடகத்தை வடித்துவிட்டு உற்பத்தி ஊடகத்தையும் தூண்டியையும் நிரப்புவது இதில் மிக எளிது. ஆனால் காற்று வெளியேறும் குழாயின் முனையை அறைக்குள் விடாமல் சன்னலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லையெனில் மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவி வளர்ப்பறை முழுவதும் பரவும்.